காலரைக் கழற்று, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நைனா எழுதுவது. சிக்னலில் நின்ற உன் காரைப் பின்னால் இடித்துவிட்டான் என்றபோதுகூட அவ்வளவு பதறவில்லை. "எக்ஸ்ரேல ஒன்னுமில்ல நைனா, கழுத்துல காலர் போட்டுக்கினு படுத்திருக்கேன்" என்றாயே, அதிலிருந்துதான் தூக்கம் போச்சு.

கிரீன் சர்க்கிளில் ஒரு வேன் என் டாக்ஸியைத் தட்டியபோது நீ நாலாம் வகுப்பு. எனக்கும் எலும்பு நன்றாகத்தான் இருந்தது. அசைக்காதே என்றார் ஒரு டாக்டர். நான் இரண்டு மாதம் காலரைக் கழற்றவே இல்லை. நம்ம ஊர் வெயிலில் கழுத்தெல்லாம் வேர்க்குரு. இன்றைக்கும் டிவிஎஸ்ஸை ரோட்டுக்கு எடுக்கும்போது, பின்னால் வண்டி வருகிறதா என்று பார்க்க இடுப்போடு சேர்ந்துதான் திரும்புகிறேன். "தேர் திரும்புது" என்பாள் உன் அம்மா.

பாகாயத்துக்கு சவாரி ஓட்டிய காலத்தில் ஒரு பிசியோதெரபி அம்மா தினமும் என் வண்டியில் வருவார். என் கழுத்தைப் பார்த்துவிட்டு அவர்தான் சொன்னார்: அடிபட்ட தசையை அசைக்காமல் வைத்தால் இறுகிப்போகும், அசைக்கப் பயந்தே வலி தங்கிவிடும் என்று. ஸ்வீடனில் 2000-ல் வந்த ஆய்வில், அடிபட்ட 96 மணி நேரத்துக்குள் கழுத்தை மெல்ல அசைக்க ஆரம்பித்தவர்களுக்கு ஆறு மாதம் கழித்து வலி குறைவாக இருந்ததாம். பின்னால் வந்த எல்லா ஆய்வும் அப்படிச் சொல்லவில்லை என்பதையும் அவரே சொன்னார். ஆனால் படுத்தே கிடப்பது நல்லது என்று யாரும் சொல்லவில்லையாம்.

உனக்கு இன்றோடு மூன்று நாள். உன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவை தலையை மெதுவாக வலப்பக்கம் பத்து முறை, இடப்பக்கம் பத்து முறை திருப்பு. இழுத்துப் பிடிக்கும், பிடிக்கட்டும். சுகமாகப் போகிற அளவு போதும், வலுக்கட்டாயமாகத் திருப்பாதே. கை மரத்தாலோ, பிடி தளர்ந்தாலோ, நடை தள்ளாடினாலோ எதையும் செய்யாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு. பிசியோதெரபிக்கும் இந்த வாரமே போ, வலி முற்றட்டும் என்று காத்திருக்காதே.

இன்சூரன்ஸ் கேஸுக்கு நல்லது, காலரோடயே இரு என்று எவனாவது யோசனை சொல்வான். கேஸ் முடிந்தால் அவன் போய்விடுவான், கழுத்து உன்னோடுதான் இருக்கும்.

சனிக்கிழமை காட்பாடியில் ரயில் ஏறுகிறேன், முள்ளுக் கத்திரிக்காயோடு. ஸ்டேஷனுக்குக் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடாதே. தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்க வரும்வரை ஸ்டீயரிங்கைத் தொடாதே, ஆட்டோவில் வந்துகொள்கிறேன்.

நைனா