மருந்தின் பெயரை மாற்றினால் போதாது, எண்ணை மாற்ற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த முட்டைக்கோஸ் சாகுபடிக் கட்டுரை படித்தேன். நாற்று, உரம், பாசனம் எல்லாம் விவரமாக இருந்தது. கோஸ் இலையைத் தின்னும் புழுவை உண்டாக்குகிற வைரமுதுகு அந்துப்பூச்சிக்கு வந்தபோது மட்டும் "ஒரே மருந்தை அடிக்காமல் மாற்றி மாற்றி அடிக்கவும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். தேன்கனிக்கோட்டைப் பக்கம் கோஸும் காலிபிளவரும் போடுகிற எங்களுக்கு அந்த ஒரு வரிதான் இன்றைக்குப் பெரிய பிரச்சினை. எதை மாற்றுவது, எப்போது மாற்றுவது என்று சொல்லாமல் விட்டால் அந்த யோசனையே கெடுதலாகிவிடும்.

"போன வாரம் அடித்தது கேட்கவில்லை" என்று கடையில் சொன்னால் வேறு புட்டி எடுத்துத் தருகிறார்கள். பெயர் வேறு, கம்பெனி வேறு, விலை வேறு. ஆனால் உள்ளே இருப்பதும் வேறுதானா? குளோரான்ட்ரானிலிப்ரோல், புளூபெண்டியமைடு, சயான்ட்ரானிலிப்ரோல் ஆகியவை மூன்று மருந்துகளாக விற்பனையில் இருந்தாலும், புழுவின் தசையில் மூன்றும் தாக்குவது ஒரே இடத்தைத்தான். ஒன்றைத் தாங்கப் பழகிய புழு மற்ற இரண்டையும் பெரும்பாலும் தாங்கிவிடும். இப்போது இரண்டு மருந்து சேர்ந்த கலவைப் புட்டிகள் வேறு வருகின்றன. குளோரான்ட்ரானிலிப்ரோலோடு லாம்ப்டா சைஹாலோத்ரின் கலந்ததைப் புது மருந்து என்று நம்பி வாங்குபவர், போன வாரம் குளோரான்ட்ரானிலிப்ரோல் அடித்திருந்தால் அதையேதான் மறுபடி அடிக்கிறார்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பூச்சியின் உடலில் எங்கே வேலை செய்கிறது என்பதை வைத்து ஒவ்வொரு மருந்துக்கும் ஐஆர்ஏசி என்ற சர்வதேசக் குழு ஓர் எண் கொடுத்திருக்கிறது. மேலே சொன்ன மூன்றுக்கும் எண் 28. ஸ்பினோசாட் 5, எமாமெக்டின் பென்சோயேட் 6, இண்டாக்சாகார்ப் 22. வேதிப்பெயரை வாயில் நுழைக்க வேண்டியதே இல்லை, எண்ணைப் பார்த்தால் போதும். ஆஸ்திரேலியாவில் மருந்து லேபிளில் இந்த எண் பளிச்சென்று தெரியும்படி இருக்கும். எங்கள் கடைகளில் நான் பார்க்கிற புட்டிகளில் அது இருந்தாலும் பொடி எழுத்தில் எங்கோ ஒரு மூலையில்தான் இருக்கிறது. நம்மவர்கள் பார்ப்பது முக்கோண நிறத்தை. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற அந்த நிறங்கள் மருந்து எவ்வளவு கடுமையான விஷம் என்று காட்டுபவை. நீல முக்கோணத்திலிருந்து பச்சைக்குப் போனால் மருந்து வகை மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது நேரம். வாரம் ஒரு மருந்து என்று மாற்றுவதும் சரியல்ல. வெயில் காலத்தில் இந்தப் பூச்சி முட்டையிலிருந்து அந்துப்பூச்சி ஆக ஏறக்குறைய மூன்று வாரம்கூட ஆவதில்லை. அதற்குள் மூன்று எண் மருந்துகளை அடித்தால் ஒரே தலைமுறை மூன்றிலும் அடிபடுகிறது. தப்பித்த புழுவின் குஞ்சுகளும் திரும்ப அதே மூன்றையும் சந்திக்கும். மாற்றம் தலைமுறைக்குத் தலைமுறை இருக்க வேண்டும். முதல் மாதம் தேவைப்பட்டால் ஒரு எண், அடுத்த மாதம் வேறு எண், முதல் எண்ணுக்கு அப்போது முழு ஓய்வு. இதில் குழித்தட்டு நாற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நாற்றங்காலிலேயே 28 ஊற்றி அனுப்பியிருந்தால், அது தெரியாமல் நட்டவர் மறுபடி 28-லேயே தொடங்குகிறார். நாற்றுக்கான பில்லில் அடித்த மருந்தின் பெயரை எழுதித் தருவதில் என்ன கஷ்டம்?

இந்தப் பூச்சியைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. 1953-லேயே ஜாவாவில் டிடிடிக்கு அசையாமல் நின்றது இது. 1960-களில் பஞ்சாபிலும் அதே கதை. பி.டி. என்கிற நுண்ணுயிர் மருந்துக்குத் திறந்தவெளி வயலில் முதன்முதலில் எதிர்ப்புக் காட்டியதும் இதுதான், ஹவாய்த் தீவுகளில். புது மருந்து வந்துவிடும் என்று காத்திருந்து பயனில்லை. மருந்தின் தேவையைக் குறைக்கிற வேலைகளும் கூடவே நடக்க வேண்டும்: பூச்சியைத் தன் பக்கம் இழுக்கக் கோஸ் வரிசைகளுக்கிடையே முன்கூட்டியே விதைத்த கடுகு, வேப்பங்கொட்டைச் சாறு, புழுவுக்குள் முட்டையிடுகிற கொட்டீசியா குளவி. லாம்ப்டா சைஹாலோத்ரின் போன்ற பைரித்ராய்டு வகை மருந்துகளைக் கண்டபடி அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான்.

நான் ஒருவன் மட்டும் ஒழுங்காக எண் பார்த்து அடித்து என்ன ஆகப்போகிறது என்ற கேள்வியும் எனக்கு உண்டு. என் வயலில் கோஸ் அறுவடை ஆகும்போது பக்கத்து வயலில் நாற்று நடுகிறார்கள். பூச்சிக்கு வரப்பு தெரியாது. அதனால் எந்த மாதம் எந்த எண் என்று வட்டார அளவில் ஒரு அட்டவணையைத் தோட்டக்கலைத் துறை போட்டு, அதை மருந்துக் கடைகளில் ஒட்ட வைக்க வேண்டும். புட்டியின் முகப்பில் எண்ணைப் பெரிதாக அச்சிட அரசு விதி கொண்டுவர வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

விதி வரும் வரை உங்கள் இதழ் ஒன்று செய்யலாம். இனி எந்தக் காய்கறிக் கட்டுரையில் மருந்தின் பெயர் வந்தாலும் பக்கத்திலேயே அதன் எண்ணையும் போடுங்கள். கத்தரி, தக்காளி, மிளகாய்க்கும் சேர்த்து ஒரு பக்க அட்டவணையாக ஒரு முறை வெளியிட்டால், வெட்டியெடுத்து எங்கள் ஊர்க் கடைக்காரரிடம் நானே கொடுத்து ஒட்டச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
கோஸ் விவசாயி ஒருவர்,
தேன்கனிக்கோட்டை வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.