செழிப்பின் வாசலில் நின்றவர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்கச் செழிப்பு பற்றிய உங்கள் கட்டுரையில் லெவிட்டவுன் என்ற குடியிருப்பு நகர் விடுபட்டது எனக்கு வருத்தம். நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு விளைந்த நிலத்தில், 1947 முதல் 17,000-க்கும் அதிகமான வீடுகள் எழுந்தன. 1949-இல் ஒரு வீட்டின் விலை 7,990 டாலர். துணி துவைக்கும் இயந்திரம் வீட்டோடே வந்தது. 1950 மாடலில் மாடிப்படியை ஒட்டி டிவியையே பதித்துக் கொடுத்தார்கள். போர் முடிந்து வந்த வீரர்களுக்கு 1944-இன் வீரர் நலச் சட்டப்படி அரசு உத்தரவாதத்தில் வீட்டுக் கடன்.

சரி, எல்லா வீரர்களுக்குமா? வீட்டு வேலையாட்களைத் தவிர வெள்ளையர் அல்லாத யாரும் குடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். அதே போரில் நின்ற கறுப்பின வீரருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. அடுத்த கட்டுரையில் இதையும் விரிவாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி