எல்-1 விழித்துவிட்டது என்று சொல்லுமுன்

அன்புள்ள கண்ணம்மா,

மரபுத்தொகுதிக்குள் தன்னை நகலெடுத்துப் புது இடத்தில் ஒட்டிக்கொள்ளும் டிஎன்ஏ துண்டுதான் எல்-1. டிஎன்ஏவை அடக்கிவைக்கும் மீத்தைல் குறிகளை நீக்கும் மருந்தான அசாசைட்டிடினைக் கொடுத்த மனிதச் செல்களில் அதன் ஆர்என்ஏ மூன்று மடங்கு ஏறியிருப்பதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். அந்த எண்ணை யாரிடமும் காட்டுமுன், ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் நொதி) சேர்க்காத குழாயை ஒருமுறை பார்த்துவிடு. நம் மரபுத்தொகுதியில் எல்-1 துண்டுகள் ஏறக்குறைய 5 லட்சம். ஆர்என்ஏவோடு துளி டிஎன்ஏ ஒட்டி வந்தாலும் போதும், சிக்னல் காட்டிவிடும். மூன்று மடங்கு என்பது, சுற்றுக்கு ஒருமுறை டிஎன்ஏவை இரட்டிப்பாக்கும் பிசிஆரில் ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று மேல், அவ்வளவே. நொதி சேர்த்த, சேர்க்காத இரண்டு குழாய்களுக்கும் நடுவே 7 சுற்றாவது இடைவெளி இருந்தால்தான் கலப்பு நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே. இல்லையென்றால் டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் நொதியை மறுபடியும் போடு.

பிசிஆர் நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு துண்டான பிரைமரை எங்கே வைத்தாய்? 3′ முனையில் (வால்பக்கம்) என்றால் மாற்று. எல்-1 தன்னை நகலெடுப்பது 3′ முனையிலிருந்து. பாதி வழியில் நின்றுபோவதால் பெரும்பாலான துண்டுகளுக்குத் தலைப்பக்கமே இல்லை. அவற்றில் பல, ஜீன்களின் இன்ட்ரான்களில் (ஆர்என்ஏவிலிருந்து பிறகு வெட்டி நீக்கப்படும் பகுதிகளில்) கிடக்கின்றன. ஜீன் படியெடுக்கப்பட்டால் அவையும் ஒட்டிக்கொண்டு வரும். அசாசைட்டிடின் வேறு பல ஜீன்களையும் திறந்துவிடுமே! எல்-1இன் சொந்த புரொமோட்டர் (படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் பகுதி) இருக்கும் 5′ யுடிஆரில், அதாவது தலைப்பக்கத்தில், பிரைமரை வை. சீக்வென்சிங் செய்தால், மரபுத்தொகுதியின் பல இடங்களில் பொருந்தும் ரீடுகளை (படித்தெடுத்த சிறு வரிசைகளை) தூக்கி எறிந்துவிடாதே. அச்சு அசலாக ஒத்திருக்கும் இளைய எல்-1கள்தான் முதலில் கணக்கிலிருந்து விழும்.

மீத்தைல் ஒன்றுதான் பூட்டு என்றும் நினைக்காதே. எலியின் கருத் தண்டுச் செல்லில் டிஎன்ஏ மீத்தைல் முழுக்கப் போனாலும், எல்-1 போலவே இடம் மாறும் ஐஏபி என்ற துண்டு பெரும்பாலும் அடங்கியே கிடக்கிறது. அங்கே கேஆர்ஏபி துத்தநாக விரல் புரதம் ஐஏபியின் வரிசையைக் கண்டுபிடித்து கேஏபி1 என்ற புரதத்தை அழைக்கிறது. கேஏபி1 செட்டிடிபி1 என்ற நொதியைக் கூட்டி வந்து, டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதமான ஹிஸ்டோன் எச்3இன் 9ஆம் லைசினில் மூன்று மீத்தைல்களை ஏற்றுகிறது. அங்கே அதுதான் பூட்டு. வளர்ந்த உடல் செல்களில் நிலைமை வேறு, அங்கே டிஎன்ஏவின் மீத்தைல் குறியைக் காத்துவரும் டிஎன்எம்டி1 நொதி போனாலே ஐஏபி எழுந்துவிடும். எந்தச் செல் என்று சொல்லாமல் எந்தப் பூட்டு என்று சொல்ல முடியாது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஆண் கருவின் இனச்செல். பழைய மீத்தைல் குறிகள் அழிந்து கிடக்கும் அந்தச் சில நாட்களில் பைஆர்என்ஏ என்ற குட்டி ஆர்என்ஏதான் எல்-1 போன்ற துண்டுகளை அடையாளம் காட்டி, திரும்பக் குறி வைக்க வழி செய்கிறது. குறி வைக்க உதவும் டிஎன்எம்டி3எல் புரதம் இல்லாத ஆண் எலியில் அந்தக் குறி ஏறுவதில்லை. எல்-1 எழுகிறது, மியோசிஸ் (இனச்செல்லின் குன்றல் பிரிவு) குலைகிறது, விந்தணு உருவாவதில்லை.

கடைசியாக ஒன்று. ஆர்என்ஏ ஏறினால் எல்-1 குதித்துவிட்டது என்று பொருளல்ல. குதித்ததைக் காட்ட ரிப்போர்ட்டர் (அடையாளம் காட்டும் ஜீன் அமைப்பு) வேண்டும்: பச்சையாக ஒளிரும் புரதத்துக்கான ஜிஎஃப்பி ஜீனை எல்-1க்கு எதிர்த்திசையில் வைத்து, அதன் நடுவே எல்-1இன் திசையில் ஓர் இன்ட்ரானைச் செருகியது. ஆர்என்ஏவாகி, இன்ட்ரான் வெட்டுண்டு, டிஎன்ஏவாகத் திரும்பி ஒட்டினால்தான் செல் பச்சையாக ஒளிரும். பக்கத்திலேயே, எல்-1இன் ஓஆர்எஃப்2 புரதத்தில் உள்ள ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் செத்த வடிவத்தையும் வை. அதுவும் பச்சை காட்டினால் எங்கே தவறு என்று பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா