கட்டுரைக் கட்டோடு பாலம் கடக்கிறவர்கள்

ஹேவர்ட், கலிபோர்னியா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

மலர் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். சித்திக்கு முழங்கால் வலி தேவலையா? போன வாரம் போனில் பேசும்போது, "கம்யூனிட்டி காலேஜ் என்றால் பாலிடெக்னிக் மாதிரியா, டுடோரியல் மாதிரியா? எம்.ஏ. இங்கிலீஷ் படித்துவிட்டு அங்கே என்ன சொல்லிக் கொடுக்கிறாய்?" என்று கேட்டீர்கள். அது போனில் சொல்லித் தீராது. பாளையங்கோட்டையில் ஆயுசு முழுக்க இங்கிலீஷ் நடத்தியவர் நீங்கள். உங்களுக்கு விவரமாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

இது இரண்டு வருஷக் கல்லூரி. இலினாய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் 1901இல் ஒன்று ஆரம்பித்தார்கள். அரசு நடத்துகிறவற்றில் அதுதான் மூத்தது. இன்று கலிபோர்னியாவில் மட்டும் 116 இருக்கின்றன. நர்ஸிங், வெல்டிங், கார் மெக்கானிக் எல்லாம் படிக்கலாம். இரண்டு வருஷம் இங்கே படித்துவிட்டு பெர்க்லி மாதிரிப் பெரிய இடத்தில் நேராக மூன்றாம் வருஷத்தில் சேரவும் முடியும். 1960இல் இந்த மாநிலம் ஒரு திட்டம் போட்டது: பள்ளி முடிக்கிறவர்களில் முதல் எட்டில் ஒரு பங்குக்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகம், முதல் மூன்றில் ஒரு பங்குக்கு மாநிலப் பல்கலைக்கழகங்கள், எங்கள் கல்லூரிகளோ யார் வந்தாலும் திறந்திருக்கும். கட் ஆஃப் கிடையாது. இந்த மாநிலத்துக்காரர்களுக்கு ஃபீஸ் யூனிட்டுக்கு 46 டாலர். ஒரு பாடத்தின் அளவை இங்கே யூனிட் கணக்கில் சொல்வார்கள். என் வகுப்புக்கு மொத்தம் இருநூறு டாலருக்குள் அடங்கிவிடும். கையில் காசில்லாதவர்களுக்கு அதுவும் தள்ளுபடி.

அப்படிக் கதவைத் திறந்து வைத்தால் யார் யார் வருவார்கள்? என் மாலை வகுப்பில் பதினெட்டு வயசுப் பையனுக்குப் பக்கத்தில் பேரன் எடுத்த அம்மா உட்கார்ந்திருக்கிறார். ராணுவத்திலிருந்து திரும்பியவர் ஒருவர். பக்கத்து ஊரான ஃப்ரீமான்ட்டில் ஆப்கானிஸ்தான் குடும்பங்கள் நிறைய இருப்பதால் அங்கிருந்து இரண்டு பெண்கள். ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி முடித்துத் தூங்காமல் வருகிறவர்கள், பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டு வருகிறவர்கள். டிகிரி வாங்கவோ பல்கலைக்கழகத்துக்கு மாறவோ நினைக்கிற எல்லோரும் முதலில் கடக்க வேண்டிய வகுப்பு ஒன்று உண்டு. பழக்கத்தில் 'இங்கிலீஷ் ஒன் ஏ' என்று சொல்வார்கள். கட்டுரை எழுதுகிற வகுப்பு. அதைத்தான் நடத்துகிறேன்.

ஷேக்ஸ்பியர் நடத்தும் ஆசையோடு எம்.ஏ. முடித்தவர்கள்தான் இங்கே வேலை பார்க்கிறவர்களில் பாதிப் பேர். எப்போதாவது ஒரு இலக்கிய வகுப்பு கிடைத்தால் கொண்டாட்டம்தான். மற்றபடி வருஷம் முழுக்க கட்டுரை, கட்டுரை, கட்டுரை. ஒரு வகுப்பில் இருபத்தைந்து முப்பது பேர். நாலு வகுப்பு என்றால் நூறு பேர். ஒரு கட்டுரைக்கு இருபது நிமிஷம் வைத்தாலும் ஒரு சுற்றுக்கு 33 மணி நேரம். செமஸ்டருக்கு நாலு சுற்றாவது வரும். ஆனாலும் இதுதான் பெரிய வேலை என்று நான் நம்ப ஆரம்பித்துவிட்டேன் சித்தப்பா. ஏன் என்று சொல்கிறேன்.

என் மாணவர் ஒருவர் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். வயசு நாற்பதுக்கு மேல். முதல் கட்டுரை வேலையைப் பற்றி. ஒன்றரைப் பக்கம். முழுக்கச் செயப்பாட்டு வினை. 'எங்கள் நிமிடங்கள் எண்ணப்படுகின்றன. பெட்டிகள் குறைந்தால் பெயர் குறித்துக்கொள்ளப்படுகிறது.' இலக்கணப்படி ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்தக் கிடங்கில் ஒரு மனுஷனும் தென்படவில்லை. ஓரத்தில் பென்சிலால் 'யார்?' என்று மட்டும் எழுதினேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அதே கேள்வி. 'யார் எண்ணுகிறார்கள்? யார் குறிக்கிறார்கள்?' அடுத்த வாரம் ஆபீஸ் அவர்ஸில், அதாவது மாணவர்கள் தனியாக வந்து பேச ஒதுக்கியிருக்கும் நேரத்தில், வந்து உட்கார்ந்தார். பதில் சொல்ல யோசித்தபோது, எண்ணுவது மனுஷன் இல்லை, கையில் இருக்கிற ஸ்கேனர் என்று தெரிந்ததாம், அந்த ஸ்கேனருக்கு இத்தனை நிமிஷம் என்று யார் சொன்னார்கள் என்று சூப்பர்வைசரைக் கேட்டாராம், அவருக்கும் தெரியவில்லையாம். திருத்தி எழுதிய கட்டுரை ஐந்து பக்கம் வந்தது. அதில் ஸ்கேனர் இருந்தது, சூப்பர்வைசர் இருந்தார், பாத்ரூம் போனால் கணக்கில் விழும் இடைவெளி இருந்தது. காற்புள்ளிகள் இன்னும் கண்ட இடத்தில்தான் இருந்தன. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் தைரியத்தை எனக்குக் கொடுத்தவர் மினா ஷாக்னெஸி. நியூயார்க்கில் 1970இல், பள்ளி முடித்த யாரும் சேரலாம் என்று சிட்டி யூனிவர்சிட்டி கதவைத் திறந்தபோது, அங்கே சிட்டி காலேஜில் எழுத்துப் பயிற்சியைப் பொறுப்பெடுத்து நடத்தியவர். புதிதாக வந்தவர்களின் கட்டுரைகள் நாலாயிரத்தைப் படித்து, ஒவ்வொரு தப்புக்குப் பின்னாலும் எழுதியவருடைய யோசனை ஒன்று இருக்கிறது, அதைக் கண்டுபிடிப்பதுதான் வாத்தியார் வேலை என்று காட்டினார். அதற்கு முன்பு பல பேர் இவர்களைக் கைகழுவத் தயாராக இருந்தார்கள். கம்யூனிட்டி காலேஜ் இங்கிலீஷ் வாத்தியார்களில் நல்லவர்கள் யாரைப் பார்த்தாலும் அவருடைய வழி தெரியும்.

2017இல் இங்கே ஏபி 705 என்று ஒரு சட்டம் வந்தது. அதற்கு முன்பு சேரும்போதே ஒரு தேர்வு வைத்து, மார்க் குறைந்தவர்களை அடிப்படை வகுப்புகளில் போடுவார்கள். சிலருக்கு அது இரண்டு மூன்று செமஸ்டர்கூட இழுக்கும். அந்தப் படிகளிலேயே ஏறி ஏறி அலுத்து, ஒன் ஏ-யைப் பார்க்காமலே போனவர்கள் ஏராளம். இப்போது அநேகமாக எல்லோரும் நேராக ஒன் ஏ-க்கே வருகிறார்கள். தேவைப்பட்டால் கூடவே ஒரு துணை வகுப்பு. இதைப் பற்றி ஸ்டாஃப் ரூமில் இன்னும் சண்டை ஓயவில்லை. சட்டம் சரி என்பதுதான் என் கட்சி. ஆனால் இருபது வருஷம் கழித்துப் பேனாவைத் தொடுகிறவருக்கு வகுப்பில் முப்பது பேர் என்பது கொடுமை. சட்டம் போட்டவர்கள் வகுப்பின் அளவையும் குறைத்திருக்க வேண்டும்.

கூட வேலை பார்க்கிறவர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் எப்படி? ஒருவர் வாரத்துக்கு ஒரு நாள் சிறைக்குப் போய் இதே ஒன் ஏ நடத்துகிறார். 2014இல் வந்த ஒரு சட்டத்தால் அது சாத்தியமானது. அங்கே நினைத்தபோது இன்டர்நெட் பார்க்க முடியாது, பெரும்பாலும் காகிதம்தான். இந்த மாநிலத்திலேயே கவனமாகப் படித்து வரும் மாணவர்கள் அங்கேதான் என்கிறார். இன்னொருவர் கவிஞர். மாணவர்கள் எழுதுவதைச் சேர்த்து வருஷத்துக்கு ஒரு பத்திரிகை போடுகிறார், அதற்குத் தனிச் சம்பளம் இல்லை. எங்கள் ஹேவர்டிலேயே சாபோ காலேஜில் 1981இல் ஒரு இங்கிலீஷ் டீச்சரும் ஒரு கவுன்சலரும் சேர்ந்து, லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள் பாதியில் நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் 'புவென்ட்டே' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். எழுத்து வகுப்பு, ஆலோசகர், வழிகாட்டி மூன்றும் ஒன்றாக. இன்று அது பல கல்லூரிகளுக்குப் பரவிவிட்டது. ஜில் பைடனும் எங்கள் ஜாதிதான். கணவர் அதிபராக இருந்தபோதும் வர்ஜீனியாவில் கம்யூனிட்டி காலேஜில் இங்கிலீஷ் நடத்திக்கொண்டிருந்தார்.

சரி, சம்பளம். அதைத்தான் அப்பா கேட்கச் சொல்லியிருப்பார். இந்த நாட்டில் கம்யூனிட்டி காலேஜ் ஆசிரியர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பார்ட் டைம். நம் அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் படுகிற பாடு உங்களுக்குத் தெரியும், அதே கதை. இங்கே ஒரே நிர்வாகத்தின் கீழ் வரும் கல்லூரிகளை ஒரு மாவட்டம் என்பார்கள். கலிபோர்னியா சட்டப்படி ஒரு மாவட்டத்தில் பார்ட் டைம் ஆசிரியருக்கு முழுநேர வேலையில் 67 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது. அதனால் வயிற்றுப்பாட்டுக்கு இரண்டு மாவட்டம், மூன்று மாவட்டம் என்று ஓடுகிறோம். 'ஃப்ரீவே ஃப்ளையர்', அதாவது நெடுஞ்சாலையில் பறக்கிறவர்கள், என்று எங்களுக்குப் பேரே உண்டு. காலையில் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் இந்தக் கரையில் வகுப்பு, அப்புறம் சான் மட்டேயோ பாலம். பதினோரு கிலோமீட்டர், மேற்கே போகும்போது சுங்கம் கட்டணும், அந்தக் கரையில் மாலை வகுப்பு. காரின் பின் சீட்டுதான் என் ஆபீஸ். செமஸ்டர் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, ஆள் சேரவில்லை என்று ஒரு வகுப்பை ரத்து செய்துவிட்டார்கள். அந்த மாதம் வாடகைக்கு இவர் சம்பளத்தையே முழுக்க எடுக்க வேண்டியதாயிற்று. எனக்குக் கோபம் இருக்கிறது சித்தப்பா. மாணவருக்கு ஆபீஸ் அவர்ஸ் கொடுக்கச் சொல்கிறவர்கள் உட்கார ஓர் அறை கொடுக்க வேண்டாமா? சங்கத்தில் சேர்ந்திருக்கிறேன்.

ஏஐ வந்த பிறகு யார் எழுதிய கட்டுரை என்ற சந்தேகம் வேறு. போலீஸ் வேலை பார்க்க எனக்கு விருப்பமில்லை. முதல் வரைவை வகுப்பிலேயே கையால் எழுத வைக்கிறேன். பேனா பிடித்துக் கை வலிக்கிறது என்கிறார்கள், ஆனால் எழுதுகிறார்கள்.

இன்னொரு விஷயம், அதற்காகவும்தான் இந்தக் கடிதம். ஒரு முழுநேர வேலைக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கமிட்டிக்கு முன்னால் பதினைந்து நிமிஷம் பாடம் நடத்திக் காட்டணும். அந்த 'யார்?' கேள்வியை வைத்துச் செயப்பாட்டு வினை நடத்தலாம் என்று இருக்கிறேன். நீங்கள் பி.ஏ. முதல் வருஷத்துக்கு அதை எப்படித் தொடங்குவீர்கள், எந்த உதாரணத்துக்குப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள் என்று எழுதுங்கள். கையால் எழுதி ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்லி தினேஷிடம் கொடுங்கள், வாட்ஸ்அப்பில் வந்துவிடும். இருபதாம் தேதிக்குள் கிடைத்தால் நல்லது.

சித்திக்கும் ஆச்சிக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மலர்