அரை மணி நேரத்தில் பார்த்து முடித்த தோட்டம்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழ் லண்டன் பயணக் கட்டுரையில் செல்சி மருந்துச்செடித் தோட்டத்துக்கு உங்கள் எழுத்தாளர் மனமிரங்கி ஐந்து வரி ஒதுக்கியிருக்கிறார். மிக்க நன்றி. அதில் ஒரு வரி: "மதிலுக்குள் செடிகளைத் தவிர வேறொன்றும் இல்லை, அரை மணி நேரம் போதும்." தோட்டத்துக்குள் வேறு எதைத் தேடிப் போனாரோ!

மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது நானும் அங்கே போனேன். காலை பதினொரு மணிக்கு நுழைந்தவன், அவன் மூன்று முறை போன் செய்த பிறகுதான் வெளியே வந்தேன். மொத்தம் நாலு ஏக்கர்கூட வராது. ஆனால் அவர் அலட்சியமாக எழுதிய அந்தச் செங்கல் மதில் காற்றைத் தடுத்து, வெயில் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் அந்தக் குளிர் ஊரில் ஆலிவ் மரம் வெட்டவெளியில் நின்று காய்க்கிறது. ஐஸ்லாந்து எரிமலைப் பாறையும் லண்டன் கோட்டையின் பழங்கற்களும் போட்டு 1773இல் கட்டிய கற்குவியல் ஒன்றும் இருக்கிறது. அதுவும் அவர் கண்ணில் படவில்லை.

சரி, அதெல்லாம் போகட்டும். நான் நெடுநேரம் நின்றது ஒரு நித்தியகல்யாணிச் செடி முன்னால். நம் ஊரில் சுடுகாட்டுமல்லி என்று சொல்லி வீட்டு வாசலில் வைக்கக்கூட யோசிப்பார்களே, அதேதான். மடகாஸ்கர் செடி. விதை பாரிஸ் வழியாக இந்தத் தோட்டத்துக்கு வந்து, தலைமைத் தோட்டக்காரர் பிலிப் மில்லர் 18ஆம் நூற்றாண்டிலேயே வளர்த்திருக்கிறார். அதிலிருந்து எடுப்பதுதான் வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. முப்பத்திரண்டு வருடம் மருந்துக்கடையில் நின்றவன் நான். தங்கை மகனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது அந்தக் குப்பியைச் சூடுபடாமல் ஐஸ் டப்பாவில் வைத்து, மடியில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் கொண்டுபோயிருக்கிறேன். இன்று அவனுக்கு இரண்டு பிள்ளைகள். செடிகளைத் தவிர வேறொன்றும் இல்லையாம்.

தாங்கள் அறியாததல்ல, இது உங்கள் பத்திரிகைக்குப் புதிதும் அல்ல. கோயில் கட்டுரை என்றால் கோபுரமும் பிரசாதமும் வரும். உள்மதிலை ஒட்டிய நந்தவனத்துக்கு ஒரு வார்த்தை கிடையாது. இதைப் பற்றி இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று வரவில்லை, இன்னொன்று தலையும் வாலும் வெட்டுப்பட்டு நான் நந்தவனத்தை எதிர்ப்பதுபோல் வந்தது. இப்போதும் லண்டன் கடைவீதிக்கு இரண்டு முழுப் பக்கம், வண்ணத்தில்.

படத்துக்குக் கீழே "தோட்டத்தை நிறுவிய வள்ளல் ஹான்ஸ் ஸ்லோன்" என்று வேறு போட்டிருக்கிறீர்கள். நிறுவியவர்கள் லண்டன் மருந்து தயாரிப்போர் சங்கத்தார், 1673இல். தங்கள் பயிற்சி மாணவர்கள் செடிகளை அடையாளம் காணக் கற்பதற்காக. (என் தொழிலுக்கு முன்னோர்கள், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே வலிக்கிறது.) ஸ்லோன் பின்னால் அந்த நிலத்தை வாங்கி, வருடத்துக்கு 5 பவுண்டு வாடகைக்கு 1722இல் அவர்களுக்கே நிரந்தரமாக விட்டவர். நல்ல காரியம்தான். ஆனால் மனைவி வழியாக ஜமைக்கா அடிமைத் தோட்டங்களின் பணமும் அவருக்கு வந்தது. வள்ளல் பட்டம் கொடுக்கும்போது அதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ஒரு ஓரத்தில் அந்தப் படக்குறிப்பைத் திருத்திப் போடுங்கள். 1673, மருந்து தயாரிப்போர் சங்கம். இடம் இல்லையென்றால் ராசிபலனில் ஒரு ராசியைச் சுருக்கிக்கொள்ளலாம், என் ராசியையே சுருக்கினாலும் சரி.

இப்படிக்கு,
இருபது வருடச் சந்தாதாரர்

(பெயர் போட வேண்டாம். போன முறை இனிஷியலை மாற்றிப் போட்டுவிட்டீர்கள்.)