சேற்றுப்புண்ணுக்குச் சீட்டில்லாத களிம்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறுவை நடவு தொடங்கிவிட்டது. நீடாமங்கலம் பக்கம் முப்பது வருடமாக நடவுக்குப் போகிறவள் நான். விடிகாலையில் சேற்றில் இறங்கினால் கரையேற மதியமாகிவிடும். பத்து நாளில் சுண்டுவிரல் இடுக்கு வெளுத்து, ஊறிய அவல்போல் நைந்து, தோல் உரியும். பகலில் தெரியாது, இரவில் பாயில் படுத்ததும் அரிப்பு பிடுங்கும். எங்கள் அம்மா மருதாணியை அரைத்து அப்பியே காலம் தள்ளினார்.

சென்ற ஆண்டு எனக்கு மருதாணி கேட்கவில்லை. கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடைக்குப் போய், "சேற்றுப்புண்" என்றதுமே டியூபை நீட்டினார்கள். காலைக்கூடப் பார்க்கவில்லை. இரண்டே நாளில் அரிப்பு போயிற்று. நிறுத்தியதும் திரும்ப வந்தது. மூன்று டியூப் தீர்வதற்குள் புறங்கால் முழுக்க வட்டம் வட்டமாகப் படர்ந்துவிட்டது.

டி.பார்ம் என்கிற மருந்தாளுநர் படிப்பு படிக்கும் என் மகள் விடுமுறைக்கு வந்தபோதுதான் டியூபைத் திருப்பிப் படித்தாள். பூஞ்சை மருந்தோடு கிளோபெட்டசால் என்கிற ஸ்டீராய்டும் அதில் இருந்தது. அரிப்பை அது அடக்கிவிடும். புண்ணுக்குக் காரணமான பூஞ்சையோ உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். இந்த வகைக் களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே சொல்லிவிட்டதாம். அதற்கு அடையாளமாக டியூபில் சிவப்புக்கோடு இருக்கிறது. நான் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

பிறகு அரசு மருத்துவமனையில் மாத்திரையும், ஸ்டீராய்டு கலக்காத கிளோட்ரிமசோல் என்கிற பூஞ்சைக் களிம்பும் கொடுத்தார்கள். ஆறிவிட்டதுபோல் தெரிந்தாலும் சொன்ன நாள்வரை விடாமல் தடவச் சொன்னார்கள். "காலை ஈரமில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் டாக்டரம்மா. நடவுக்காரியிடம் சொல்கிற பேச்சா இது! ரப்பர் பூட்ஸோடு இறங்கிப் பார்த்தேன். பூட்ஸைச் சேறு வைத்துக்கொண்டு காலை மட்டும் விட்டது. இப்போது கரையேறியதும் கழுவி, பழைய வேட்டித் துணியால் விரல் விரலாகத் துடைக்கிறேன். அது பலன் தருகிறது.

என்னோடு நடும் அக்காவுக்குச் சர்க்கரை. இதே வெடிப்பு வழியாகக் கிருமி ஏறி, முழங்கால்வரை வீங்கி, எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

மருந்து ஆய்வாளர்கள் நடவு முடிவதற்குள் ஒருமுறையாவது எங்கள் கடைத்தெருப் பக்கம் வர வேண்டும். ஸ்டீராய்டு கலக்காத களிம்பும் அதே அலமாரியில்தான் இருக்கிறது. கடைக்காரர்கள் அதை எடுத்துக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
நடவு வேலை செய்யும் ஒருத்தி,
நீடாமங்கலம் வட்டம்.