பயன்படுத்திய 150-600 மி.மீ. லென்ஸ்: பணத்தைத் திருப்பித் தருவது குறித்து

டர்பன்

விற்பனை மேலாளர் அவர்களுக்கு,

ஐயா,

சென்ற மாதம் 14ஆம் தேதி 'புதிது போன்றது' என்ற தரக்குறிப்போடு உங்களிடம் 13,500 ராண்டுக்கு வாங்கிய 150-600 மி.மீ. எஃப்/5-6.3 லென்ஸில் இரண்டு பழுதுகள் உள்ளன. படத்தின் வலப்பக்கம் மங்கல், உள்ளே பூஞ்சை.

'விலை குறைந்த ஜூம் 600இல் அப்படித்தான் இருக்கும், கை ஆடியிருக்கும், ஆட்டோஃபோகஸைத் திருத்திப் பாருங்கள்' என்று பதில் போட்டிருக்கிறீர்கள். இந்த ரக லென்ஸ் 600இல் முழுத் திறப்பில் சற்று மென்மையாகத் தெரியும் என்பது தெரிந்துதான் வாங்கினேன். ஆனால் அந்த மென்மை இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், லென்ஸ் திறப்பைச் சுருக்கி எஃப்/8இல் வைத்தால் குறையும். இதில் இன்னும் சுருக்கி எஃப்/11இல் வைத்தும் வலப்பக்கம் தேறவில்லை. உம்கேனி முகத்துவாரத்து மீன்கொத்தியை எப்போதும் நட்ட நடுவில் வைத்தா எடுக்க முடியும்?

கை ஆடவும் வழியில்லை. முக்காலி, 30 மீட்டர் தூரத்தில் செங்கல் சுவர், கானல் கிளம்புமுன் காலை ஆறரை மணி, ஸ்டெபிலைசர் அணைப்பு, 10 நொடி டைமர், லைவ் வியூவில் (கேமராத் திரையில் பார்த்து) ஃபோகஸ். பிறகு லென்ஸை முக்காலியோடு பிடித்திருக்கும் வளையமான முக்காலிக் காலரைத் தளர்த்தி, கேமராவும் லென்ஸும் சேர்ந்து தலைகீழாகும்படி திருப்பி அதே சுவரை எடுத்தேன். சுவர் கோணலாக இருந்தால் மங்கல் படத்தின் இடப்பக்கத்துக்கு மாறியிருக்க வேண்டும், மாறவில்லை. உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி மையம் விலகியோ சாய்ந்தோ இருக்கிறது. ஆட்டோஃபோகஸ் திருத்தம் ஃபோகஸ் தளம் முழுவதையும் முன்னே பின்னே நகர்த்தும், அவ்வளவே. ஒரு பக்கத்தை மட்டும் அதனால் சீராக்க முடியாது.

பூஞ்சை: இரு மூடிகளையும் கழற்றி, முன்பக்கமிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்தால், பின்னாலுள்ள கண்ணாடிகளில் 4 மி.மீ. அளவு சிலந்தி வலை போலத் தெரிகிறது. பெட்டியைப் பிரித்த மறுநாள் எடுத்த படம் இது. டர்பன் ஈரக்காற்றிலும் ஒரே இரவில் இவ்வளவு வளராது. தூசியும் நாலைந்து துகள் உண்டு, அதைக் குறையாகச் சொல்லவில்லை. நீண்டு சுருங்கும் ஜூம் காற்றை இழுக்கத்தான் செய்யும், படத்தில் அது தெரிவதுமில்லை.

சுத்தம் செய்து தருவதாகச் சொல்வதை ஏற்க இயலாது. பூஞ்சை கண்ணாடி மேலுள்ள கோட்டிங்கை அரித்திருந்தால் துடைத்தாலும் தடம் போகாது.

ரசீதில் 'ஃபுட்ஸ்டூட்ஸ்' (குறை எதுவானாலும் உள்ளபடியே விற்பனை) என்று அச்சடித்திருப்பதும் செல்லாது. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 55, 56ஆம் பிரிவுகளின்படி, குறை இன்னதென்று குறிப்பாகச் சொல்லி விற்றிருந்தால்தான் உங்கள் பொறுப்பு நீங்கும். மற்றபடி ஆறு மாதத்துக்குள் பொருளை உங்கள் செலவிலேயே திருப்பி அனுப்பலாம். பழுதுபார்ப்பா, மாற்றா, பணமா என்பது வாங்கியவர் தேர்வு. நான் கேட்பது பணம்.

ஏழு வேலை நாட்களுக்குள் கூரியரை அனுப்பி லென்ஸை எடுத்துக்கொண்டு 13,500 ராண்டைத் திருப்பித் தாருங்கள். இல்லையேல் நுகர்வோர் பொருள்-சேவைக் குறைதீர்ப்பாளரிடம் இதே படங்களோடு முறையிடுவேன். அதுவரை லென்ஸ் என் மற்ற லென்ஸ்களோடு சேராமல், சிலிக்கா ஜெல் போட்ட தனி டப்பாவில் இருக்கும்.

இணைப்பு: ரசீது நகல், சுவர்ப் படங்கள் 6 (திருத்தப்படாத ரா கோப்புகள்), பூஞ்சைப் படங்கள் 2.

இப்படிக்கு,
லென்ஸ் வாங்கியவர்